விடுமுறையும் தபாலும்: மூடியிருக்கும் ஒரு நாளை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது

அமெரிக்காவுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர் கேட்டிருக்கிறார்: "நவம்பர் 11 அன்று தபால் வருமா, வராதா? வங்கி மூடியிருக்கும் என்கிறார்கள். ஆனால் யூபிஎஸ் வண்டி ஓடும் என்கிறார்கள். குடியேற்றத் துறைக்கு நான் அனுப்ப வேண்டிய பதில் ஒன்று 2026 நவம்பர் 12, வியாழக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்புறம் டிசம்பரில் ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். வீட்டுக்கு வரும் தபாலை என்ன செய்வது?"

முதல் கேள்விக்குப் பதில்: வராது. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே. கூட்டரசு விடுமுறை என்பதால் யுஎஸ் போஸ்டல் சர்வீஸ் கவுண்டரைத் திறக்காது, வீட்டுக்குக் கடிதமும் கொண்டுவராது, தெருவோரத்து நீலப் பெட்டியையும் காலி செய்யாது. மற்ற இரண்டு கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் தபால் தவறுவது விடுமுறை நாளில் இல்லை. அதற்கு முந்தின நாள் மாலையிலும் அடுத்த நாள் காலையிலும்தான்.

தபால் விடுமுறைகள் வருடத்துக்குப் பதினொன்று. தேதி மாறாதவை ஐந்து: ஜனவரி 1, ஜூன் 19, ஜூலை 4, நவம்பர் 11, டிசம்பர் 25. இதில் ஜூன் 19, அதாவது ஜூன்டீன்த், 2021-இல்தான் சட்டமானது. பழைய நாட்காட்டியை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமையாகவே வருபவை இன்னும் ஐந்து: ஜனவரி மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் தினம், பிப்ரவரி மூன்றாம் திங்கள் வாஷிங்டன் பிறந்தநாள், மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, அக்டோபர் இரண்டாம் திங்கள் கொலம்பஸ் டே. மிச்சம் உள்ளது நவம்பர் நான்காம் வியாழன், தேங்ஸ்கிவிங்.

இந்தத் திங்கட்கிழமைகள்தான் ஆளை ஏமாற்றும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான கடிதப் பட்டுவாடா கிடையாது. திங்களும் விடுமுறை என்றால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கடிதம் நகராது. சனிக்கிழமை மதியம் கடைசியாகப் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு நீங்கள் போடும் கடிதம், செவ்வாய்க்கிழமை வண்டி வரும்வரை அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். செவ்வாய்க்கிழமையோ மூன்று நாள் தபாலும் சேர்ந்து வரும் நாள். அன்றைக்கு உங்கள் தபால்காரர் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதனால் ஒரு விடுமுறையைப் பார்த்தால் அதற்கு முந்தின வேலைநாளின் பிற்பகல், விடுமுறை, அடுத்த வேலைநாள் மூன்றையும் சேர்த்தே கணக்கில் எடுங்கள்.

தேதி மாறாத விடுமுறை வார இறுதியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதிலும் குழப்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் மறுநாள் திங்கள் மூடுவார்கள். 2027 ஜூலை 4 ஞாயிறு. ஆகவே ஜூலை 5 தபால் கிடையாது. சனிக்கிழமை விழுந்தால் கதை வேறு. மற்ற கூட்டரசு அலுவலகங்கள் முந்தின வெள்ளிக்கிழமையே மூடிவிடும். தபால் நிலையம் மட்டும் வெள்ளியன்று வேலை செய்து சனிக்கிழமை மூடும். 2026 ஜூலை 4 சனிக்கிழமை என்பதால் ஜூலை 3 வெள்ளியன்று தபால் உண்டு. ஆனால் நீங்கள் எந்த அரசு அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்களோ அங்கே அன்றைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. அனுப்புகிற முனையை மட்டும் பார்க்காதீர்கள், வாங்குகிற முனை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விடுமுறை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும் நாட்களும் இருக்கின்றன. புனித வெள்ளியன்று தபால் உண்டு. தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, பாதி நாடு லீவில் இருந்தாலும் தபால் உண்டு. தேர்தல் நாளில் உண்டு. மாசசூசெட்ஸின் பேட்ரியட்ஸ் டே போன்ற மாநில விடுமுறைகளில் உண்டு. டிசம்பர் 24-உம் 31-உம் வேலைநாட்கள்தான், ஆனால் சில கிளைகள் மதியத்தோடு கவுண்டரை மூடிவிடும். அந்த இரண்டு நாளும் மாலைவரை காத்திருக்காமல் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டரசு ஷட்டவுன் (செலவு ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடப்பது) வந்தால் தபாலும் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. போஸ்டல் சர்வீஸின் அன்றாடச் செலவு தபால் கட்டண வருமானத்திலிருந்து நடக்கிறது, நாடாளுமன்ற ஒதுக்கீட்டை நம்பி இல்லை. 2025 அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் நடுவரை நீண்ட ஷட்டவுனிலும் கடிதம் வந்துகொண்டேதான் இருந்தது.

முன்கூட்டியே நாட்காட்டியில் போட்டு வைக்க முடியாத ஒன்று உண்டு: தேசிய துக்க நாள். ஜிம்மி கார்ட்டருக்காக 2025 ஜனவரி 9 அன்று வழக்கமான கடிதப் பட்டுவாடாவை நிறுத்தினார்கள். மூத்த ஜார்ஜ் புஷ் இறந்தபோது 2018 டிசம்பர் 5 அன்றும் அப்படித்தான். சில நாட்களுக்கு முன்புதான் அறிவிப்பு வரும். கெடுவுள்ள எதையும் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூபிஎஸ் பற்றிக் கேட்டீர்கள். அதுவும் ஃபெடெக்ஸும் தனியார் கூரியர் நிறுவனங்கள், அவற்றின் நாட்காட்டி வேறு. நவம்பர் 11-உம் கொலம்பஸ் டேயும் இரண்டுக்குமே சாதாரண நாட்கள். தேங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே ஆகியவற்றில் வழக்கமான சேவை இருக்காது. போஸ்டல் சர்வீஸிலேயே பிரையாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸ் என்ற அதிவேகச் சேவை மட்டும் ஞாயிறு, விடுமுறை உட்பட வருடம் முழுவதும் சில இடங்களுக்குப் போகும். எல்லா ஊருக்கும் இல்லை, முகவரியைச் சொல்லிக் கவுண்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை போஸ்டல் வண்டி ஒன்று உங்கள் தெருவில் பார்சல் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது அமேசான் போன்ற பார்சல்களுக்கான ஏற்பாடு. அதைப் பார்த்துக் கடிதமும் வரும் என்று எண்ண வேண்டாம்.

சரி, உங்கள் நவம்பர் 12 கெடுவுக்கு வருவோம். எந்தக் கெடு என்றாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: அவர்கள் எந்தத் தேதியை எண்ணுகிறார்கள்? உறையில் விழும் தபால் முத்திரையின் தேதியையா, தங்கள் கைக்கு வந்து சேர்ந்த தேதியையா? குடியேற்றத் துறை பார்ப்பது வந்து சேர்ந்த தேதியை. நீங்கள் எப்போது அனுப்பினீர்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே பின்னோக்கி எண்ணுங்கள். 12 வியாழன் கெடு. 11 புதன் தபாலும் இல்லை, அந்த அலுவலகமும் இல்லை. யூபிஎஸ் வண்டி அன்றைக்கு ஓடினாலும் கதவு மூடியிருக்கும். அப்படியானால் பத்திரமாகச் சேரக்கூடிய கடைசி நாள் 10, செவ்வாய். பிரையாரிட்டி மெயில் இரண்டு மூன்று நாளில் சேரும் என்பது எதிர்பார்ப்புதான், உத்தரவாதம் இல்லை. பணத்தைத் திருப்பித் தரும் உறுதி எக்ஸ்பிரஸுக்கு மட்டும்தான். 6 வெள்ளியன்று அனுப்பினால் சனி ஒன்று, ஞாயிறு கணக்கில் இல்லை, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. நூலிழையில் போய்ச் சேரும், ஒரு நாள் தவறினாலும் வியாழனில் விழும், இரண்டு நாள் தவறினால் போச்சு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 2 திங்கட்கிழமையே டிராக்கிங் எண்ணோடு அனுப்பிவிட்டு, 6 வெள்ளிக்குள் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். சேரவில்லை என்றால் அதே ஆவணங்களின் நகலை மறுபடி கூரியரில் அனுப்ப அப்போதும் நேரம் இருக்கும். (கெடுவே கூட்டரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள்வரை குடியேற்றத் துறை ஏற்றுக்கொள்ளும் என்று விதி இருக்கிறது. உங்கள் கெடு 12 என்பதால் அது உங்களுக்கு உதவாது.)

இன்னொன்று. குடியேற்றத் துறையின் பல விண்ணப்பங்களுக்கு இரண்டு முகவரிகள் கொடுத்திருப்பார்கள்: போஸ்டல் சர்வீஸில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று, யூபிஎஸ், ஃபெடெக்ஸ், டிஎச்எல் வழியாக அனுப்புகிறவர்களுக்கு வேறொன்று. கடைசி நேரத்தில் "தபால் இன்றைக்கு மூடியிருக்கிறது, கூரியரில் போட்டுவிடலாம்" என்று பழைய முகவரியையே எழுதிக் கொடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் முகவரிக்குக் கூரியர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கவே முடியாது. அனுப்பும் வழியை மாற்றினால் முகவரியையும் மறுபடி பாருங்கள். உங்கள் நோட்டீஸில் எந்த முகவரி அச்சாகியிருக்கிறதோ அதுவே முதல் சாட்சி.

முத்திரைத் தேதியை எண்ணுகிற இடங்களில் முக்கியமானது வருமான வரித் துறை. கெடுவுக்குள் முத்திரை விழுந்துவிட்டால், கடிதம் பிறகு போய்ச் சேர்ந்தாலும் நேரத்துக்கு அனுப்பியதாகவே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கெடு சனி, ஞாயிறு, அல்லது வாஷிங்டன் நகரத்தின் சட்ட விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும். 2024-இல் ஜனவரி 15 மார்ட்டின் லூதர் கிங் தினமாக இருந்ததால் காலாண்டு முன்வரிக்கு 16-ஆம் தேதிவரை நேரம் கிடைத்தது. 2023-இல் வரிக் கெடு ஏப்ரல் 18 ஆனதற்குக் காரணம், 15 சனிக்கிழமை, வாஷிங்டன் நகர விடுமுறையான எமான்சிபேஷன் டே (அடிமை ஒழிப்பு நாள்) 17 திங்கட்கிழமை அனுசரிக்கப்பட்டது. அந்தத் திங்கட்கிழமை நாடு முழுக்கத் தபால் வழக்கம்போல் ஓடியது. வரித் துறையின் விடுமுறையும் தபால் விடுமுறையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முத்திரை பற்றி இப்போது எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மாற்றம் இருக்கிறது. நீங்கள் பெட்டியில் போடும் கடிதத்துக்கு உள்ளூர்க் கிளையில் முத்திரை விழுவதில்லை. பெரிய பிரிப்பு மையத்தில் இயந்திரம்தான் குத்துகிறது. அண்மைக் காலத்தில் பிராந்திய மையத்திலிருந்து 50 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் பல ஊர்களில் மாலை வண்டியை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சேர்ந்த தபால் இரவு அங்கேயே தங்கி மறுநாள் கிளம்புகிறது. முத்திரையில் இருக்கும் தேதி, தபால் தங்கள் கைக்கு வந்த நாளாகத்தான் இருக்கும் என்று கொள்ள வேண்டாம் என்று போஸ்டல் சர்வீஸ் 2025 டிசம்பர் 24 முதல் தன் விதிகளிலேயே எழுதிவைத்துவிட்டது. இதோடு ஒரு நீண்ட வார இறுதியைச் சேர்த்துப் பாருங்கள். சனிக்கிழமை மாலை பெட்டியில் விழுந்த கடிதத்துக்குப் புதன்கிழமை முத்திரை விழுந்தால்கூட அதில் அதிசயம் இல்லை.

இதற்கு வழி எளிது, காசும் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், கையால் முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் தன் மேஜையில் இருக்கும் வட்ட முத்திரையை எடுத்து, தேதியைச் சரிபார்த்து, ஸ்டாம்பின் மேல் உங்கள் கண் முன்னாலேயே அழுத்துவார். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே உறையை விடுங்கள். பெரிய தொகை அல்லது வழக்கு சம்பந்தப்பட்டது என்றால் சர்ட்டிஃபைட் மெயிலாக (பதிவுச் சான்றோடு போகும் தபால்) அனுப்பி, தேதி குத்திய ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியதற்கான சான்று மட்டும் போதும் என்றால் சர்ட்டிஃபிகேட் ஆஃப் மெயிலிங் இன்னும் மலிவு. இவை எல்லாமே கவுண்டர் திறந்திருந்தால்தான் நடக்கும். விடுமுறைக்கு முந்தின நாள் வரிசை நீளமாக இருக்கும், அதற்கும் முந்தின நாளே போவது உத்தமம். தபால் ஓட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பாவது ஓட்டை அனுப்பிவிடும்படி போஸ்டல் சர்வீஸே சொல்கிறது.

நீலப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் முகப்பில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும், அதில் வார நாட்களுக்கும் சனிக்கிழமைக்கும் கடைசியாக எடுக்கும் நேரம் போட்டிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால், அதுவும் விடுமுறைக்கு முன்னால், உள்ளே போடாதீர்கள். நிறைந்த பெட்டி இரண்டு மூன்று இரவு தெருவில் நிற்கிறது என்பது செக் திருடுகிறவர்களுக்கும் தெரியும். உறையிலிருந்து செக்கை எடுத்து, மையை ரசாயனத்தால் கழுவி, வேறு பெயரும் தொகையும் எழுதிக்கொள்வார்கள். தபால் புலனாய்வுப் பிரிவும் இதையேதான் எச்சரிக்கிறது. கிளையின் உள்ளே இருக்கும் பெட்டியில் போடுங்கள், அல்லது கவுண்டரில் கொடுங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய பொட்டலம் பத்து அவுன்ஸுக்கு மேல் எடையோ அரை அங்குலத்துக்கு மேல் தடிமனோ இருந்தால் அந்தப் பெட்டியில் போடவே கூடாது, கவுண்டரில்தான் தர வேண்டும்.

கடன் அட்டைக் கட்டணத்தைத் தபாலில் செக்காக அனுப்புகிறீர்களா? சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அட்டை நிறுவனம் தபால் வாங்காத நாளில் கெடு விழுந்தால், அடுத்த வேலைநாளில் சேர்ந்த செக்கைத் தாமதம் என்று சொல்லி அபராதம் போட முடியாது. வாடகைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஜனவரி 1 விடுமுறை, வாடகைக் கெடுவும் பல வீடுகளில் அதே நாள்தான். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

மருந்து தபாலில் வருகிறவர்கள் நீண்ட வார இறுதிக்கு முந்தின வாரத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின்போல் குளிர்ச்சியில் வர வேண்டியது என்றால், வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், அடுத்த வாரம் செவ்வாயோ புதனோ அனுப்புங்கள் என்று மருந்தகத்தில் தைரியமாகச் சொல்லலாம். அது சலுகை கேட்பது இல்லை. ஐஸ் வைத்த பெட்டி மூன்று நாள் கிடங்கில் கிடந்தால் மருந்து வீணாகிவிடும்.

கிறிஸ்துமஸ் பார்சலுக்குப் போஸ்டல் சர்வீஸ் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தேதிகளை வெளியிடும். 2025-இல் கிரவுண்ட் அட்வான்டேஜ் என்ற சாதாரண பார்சல் சேவைக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற சாதாரணக் கடிதத்துக்கும் டிசம்பர் 17, பிரையாரிட்டிக்கு 18, எக்ஸ்பிரஸுக்கு 20 என்று சொன்னார்கள். எந்த வருடமும் ஏறக்குறைய இதே வாரம்தான்.

கடைசியாக, ஊருக்குப் போகும் ஐந்து வாரம். ஹோல்ட் மெயில் என்று இலவசச் சேவை இருக்கிறது. போஸ்டல் சர்வீஸ் இணையதளத்தில் பதிந்தால் உங்கள் முகவரிக்கு வரும் தபாலைக் கிளையிலேயே வைத்துக்கொள்வார்கள். குறைந்தது மூன்று நாள், அதிகபட்சம் முப்பது நாள். ஐந்து வாரம் என்பது 35 நாள் என்பதால் அது மட்டும் உங்களுக்குப் போதாது. அதோடு அது முகவரிக்கான நிறுத்தம், பெயருக்கானது இல்லை. வீட்டில் வேறு யாராவது தங்கியிருந்தால் அவர்களுடைய கடிதமும் நின்றுவிடும்.

முப்பது நாளைத் தாண்டும்போது பலர் தற்காலிக முகவரி மாற்றம் போட்டு நண்பர் வீட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள். குறைந்தது 15 நாள், ஒரு வருடம் வரையிலும் போடலாம். ஆனால் அனுப்புகிறவரே "ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்" என்று அச்சிட்ட உறைகள் நண்பர் வீட்டுக்குப் போகாது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டைகளும் குடியேற்றத் துறையின் அட்டைகளும் இப்படி வருவதுண்டு. உங்களுக்குக் குடியேற்ற வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, ஆகவே நான் முகவரி மாற்றத்தைச் சொல்ல மாட்டேன். முதல் ஒரு வாரம் நம்பகமான பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மிச்ச நான்கு வாரத்துக்கு ஹோல்ட் மெயில் போடுங்கள். இன்ஃபார்ம்ட் டெலிவரியிலும் பதிந்துகொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். இயந்திரத்தில் ஓடும் கடித உறைகளின் வெளிப்புறப் படம் காலையில் மின்னஞ்சலில் வரும். எங்கே இருந்தாலும் குடியேற்றத் துறையின் உறை வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நிறுத்தம் தொடங்கும் நாளாக ஞாயிறையோ விடுமுறையையோ வைக்காதீர்கள். தொடங்கும் நாளன்று கிழக்கு நேரப்படி அதிகாலை மூன்று மணிக்குள் பதிவு போய்ச் சேர வேண்டும். முப்பது நாள் முன்னதாகவே பதியலாம் என்பதால் டிக்கெட் வாங்கிய கையோடு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் தேதி புத்தாண்டையோ மார்ட்டின் லூதர் கிங் தினத்தையோ ஒட்டி வந்தால், சேர்ந்த கட்டைத் தபால்காரர் அடுத்த வேலைநாளில்தான் கொண்டுவருவார். அவசரம் என்றால் கிளை திறந்ததும் புகைப்பட அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம். எப்படி வாங்குவது என்பதைப் பதியும்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.